விழித்திருந்த இரவு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'தமிழ்க் கவிதையில் இரவு' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. சங்க காலம் தொட்டு இன்றுவரை அடுக்கிச் சொல்ல எவ்வளவோ உண்டு. எனினும், சென்ற தை மாதம் நம் பகுதிப் பள்ளியொன்றின் வானியல் மன்றத்தோடு காவலூருக்குச் சென்று ஓரிரவு தங்கி வந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நான்கு பக்க அனுபவக் கட்டுரையைச் சுற்றியே இன்று பேச விழைகிறேன். அவளுடைய இசைவோடுதான் பேசுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

காவலூர் நமக்குத் தொலைவன்று. வாணியம்பாடி சென்று, ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலையேறினால் வந்துவிடும். வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞர் இருண்ட வானத்தைத் தேடி அலைந்து அவ்விடத்தைத் தேர்ந்தார். 1968-இல் அங்கே நோக்குப் பணி தொடங்கிற்று. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். 1977 மார்ச் 10 அன்று யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதை உலகிற்குக் காட்டிய நோக்ககங்களுள் காவலூரும் ஒன்று. நம் நாட்டிலேயே செய்யப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-இல் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அதைக் காணப் பாப்பு இல்லை; 1982-இலேயே மறைந்துவிட்டார். கருவிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. இத்துணை அருகில் இருந்தும், நம் வட்டத்தில் அங்கே சென்று வந்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். மூவர் கை தூக்கினர். அவருள் ஒருவர் பகலில் போனவராம்!

மாணவியின் கட்டுரைக்கு வருகிறேன். அதில் அலங்காரம் ஏதுமில்லை. எட்டு மணிக்குக் கார்த்திகை எங்கே நின்றது, தான் எண்ணியவை எத்தனை, தோழி எண்ணியவை எத்தனை என்று எழுதியிருக்கிறாள். இவளுக்கு ஆறு தெரிந்தன, தோழி ஏழு என்றாள், இருவரும் சண்டையிட்டுக்கொண்டனர். இருகண் நோக்கியை வாங்கிப் பார்த்தபோது இருவர் கணக்கும் பொய்த்தது. பல பத்து மீன்கள் கொத்தாகத் தெரிந்தன. அவ்வொளி அங்கிருந்து புறப்பட்டு நானூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று என ஆசிரியர் சொன்னதும், நம் கோயில் மதிலை அப்போது கட்டி முடித்திருந்தார்களா என்று கேட்டிருக்கிறாள். விரிஞ்சைக்காரியின் கேள்வி அல்லவா அது! மதிலழகுக்குப் பெயர் பெற்ற ஊர். நிழலைக்கொண்டு நாழிகை அறிய அரைவட்டக் கல்லில் எண் பொறித்து வைத்த கோயில். வேலூரில் நாயக்கர் ஆண்ட நூற்றாண்டில் கிளம்பிய ஒளி அவள் கண்ணில் வந்து விழுந்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு நினைவில் எழுந்தது புறநானூற்றின் 229-ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. விண்மீன் ஒன்று எரிந்து வீழ்ந்ததைக் கண்டு, யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வருமோ என அஞ்சுகிறார். ஏழாம் நாள் அரசன் இறந்துபடுகிறான். நிமித்தத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. அப்புலவர் மீன் வீழ்ந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. பங்குனி மாதம், நள்ளிரவு, உச்சியிலிருந்து சாய்ந்த மீன் எது, எதிரே எழுந்த மீன் எது, துறையில் படிந்த மீன் எது என ஒவ்வொன்றையும் குறிக்கிறார். அண்ணாந்து பார்த்தவனால் மட்டுமே எழுத இயலும் பாட்டு அது. நம் மலர்களிலோ விண்மீன்கள் கண்சிமிட்டாத பக்கமில்லை. எந்த மீன், எந்தத் திசை, எந்த மாதம் என்று கேட்டால் விடையிராது. கவிஞர்கள் பொறுத்தருள்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்க் கவிதையில் இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணுக்குப் பஞ்சமில்லை. குறுந்தொகையின் ஆறாம் பாட்டில் பதுமனார் காட்டும் தலைவி, உலகமே துயில, தான் ஒருத்தி மட்டும் துஞ்சாதவளாய் இருக்கிறாள். 28-ஆம் பாட்டில் ஔவையாரின் தலைவியோ, தன் நோயறியாது உறங்கும் ஊரை முட்டுவேனா, தாக்குவேனா என வெகுள்கிறாள். அழியாத பாடல்கள்தாம். ஆயினும் அப்பெண்கள் விழித்திருப்பது ஒருவன் வாராமையால். அவர்களுடைய இரவு அவனுக்காகக் காத்திருக்கும் இரவு. நம் மாணவி விழித்திருந்தது வானத்தைப் பார்ப்பதற்காக. வேறு காரணம் இல்லை. பெண்ணொருத்தி இப்படி விழித்திருக்கும் பாட்டை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு அவள் கண்டதைக் கேளுங்கள். வடக்கே எழுமீன், தெற்கே சிலுவை வடிவில் நான்கு மீன்கள், இரண்டும் ஒரே வேளையில். துருவ மீனை மட்டும் காண இயலவில்லை. அடிவானிலிருந்து பன்னிரண்டரைப் பாகை உயரமே இருப்பதால் மரங்கள் மறைத்துவிட்டன. எழுமீனின் வால்பக்கத்தில், பெரிய மீன் ஒன்றை ஒட்டிச் சின்னஞ்சிறு மீன் ஒன்று. அதுவே அருந்ததி, நம் புலவர்கள் கற்புக்கு உவமையாக்கிய வடமீன். "என் அக்கா கல்யாணத்தில் பகல் பதினொரு மணிக்கு இதைத்தான் காட்டினார்களாம். அக்கா பார்த்துவிட்டேன் என்று சொன்னாள்" என எழுதி, அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் அடுத்த மீனுக்குப் போய்விடுகிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

மன்றத்தில் பெண்கள் பதினொருவர். காவலூருக்கு வந்தவர் நால்வர். எழுவர் வீட்டில் இசையவில்லை. இவள் வீட்டிலும் எளிதில் இசையவில்லை. தாயார் ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்பவர். விடியுமுன் கம்பெனி வேனுக்காகச் சாலையோரம் நிற்பவர். "பொண்ணை ராத்திரி வெளியே அனுப்புறியா?" என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவ்வம்மையார் சொன்ன விடையை மகள் அப்படியே எழுதியிருக்கிறாள்: "இருட்டுல நான் வேலைக்குக் கிளம்புனா ஒருத்தரும் கேக்கல. அவ வானம் பாக்கக் கிளம்புனா எல்லாரும் கேக்கறீங்க." திரும்பி வந்த மகள் விடிவெள்ளியைப் பற்றி விளக்கத் தொடங்கியபோது, அது வரும் மாதமும் வாரா மாதமும் தமக்குத் தெரியும் என்றாராம் தாயார். வேனுக்கு நிற்கும் வேளையில் பார்த்துப் பார்த்து அறிந்தது. இருபதாண்டு நோக்குநரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறோம் என்று மகள் வியக்கிறாள்.

பாலாற்றங்கரைத் தோல் தொழிலைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த காலந்தொட்டு, கெட்டுப்போன ஆறும் கிணறும் நம் கவிதைகளில் உரிமையோடு இடம்பெற்றன; அது நல்லதே. விடியலில் வேனுக்கு நிற்கும் பெண் அண்ணாந்து பார்ப்பாள் என்பது மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

இனி நம் வட்டத்தின் செய்தி. கூட்டம் சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது. இப்பத்தாண்டுகளில் இங்கே கவிதை வாசித்த பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெண்கள் எழுதவில்லை என்று சென்ற ஆண்டறிக்கை வருந்திற்று. என் வகுப்பிலேயே எழுதுவோர் பலர் உளர்; ஒன்பது மணிக்குமேல் விரிஞ்சிபுரத்திலிருந்து வீடு திரும்ப வண்டி இல்லாதவர்கள் அவர்கள். கூட்டத்தைப் பகலுக்கு மாற்றுவது ஒரு வழி. திரும்புவதற்கு வேன் ஏற்பாடு செய்வது மற்றொன்று. பகலுக்கு ஒதுங்கிக்கொள்வதைவிட எனக்கு வேனே உகந்தது. செயற்குழு எதை வேண்டுமாயினும் முடிவு செய்யட்டும்; அடுத்த மாதத்திற்குள் செய்யட்டும்.

மற்றொரு வேண்டுகோள். வரும் மாசி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையன்று வட்டம் காவலூருக்குச் செல்லலாம். வானம் பார்க்க விரும்புவோருக்கு அங்கே சனிக்கிழமை இரவுகளில் வாய்ப்பளிப்பது வழக்கம். முன்கூட்டியே உறுதி செய்துகொள்வேன். இதுவரை பதினான்கு பெயர்கள் சேர்ந்துள்ளன. ஒன்பது பேர் பெண்கள். போர்வையும் குறிப்பேடும் அவரவர் கொண்டுவர வேண்டும். மேகம் மூடினால் மறு சனிக்கிழமை. மீன்களை அடையாளம் காட்ட அம்மாணவி வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையாதலால், அவள் தாயாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.