உருகிக் காக்கும் திருகு

நியூயோர்க் நகரின் ஐந்தாம் அவெனியூ என்னும் பெருந்தெருவிலே, இருப்புப்பாதைச் செல்வரான வில்லியம் வாண்டர்பில்ட் 1880களின் தொடக்கத்தில் மாளிகையொன்று எழுப்பினார். ஓவியங்கள் வைப்பதற்கென அமைத்த கூடத்தின் சுவர்களைப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. அப்பட்டினூடே மெல்லிய உலோகச் சரிகை இழையோடியது. மாளிகைக்கு மின்விளக்கு அமைக்கும் பொறுப்பைத் தோமஸ் அல்வா எடிசன் ஏற்றிருந்தார். ஒருநாள் மாலை எட்டு மணியளவில் விளக்குகள் ஏற்றப்பட்டன. வீட்டாரும் வந்து பார்த்து நின்றனர். சில நிமிடங்களுக்குள் சுவர் புகையத் தொடங்கிற்று. மின்கம்பிகள் இரண்டு எவ்வாறோ சரிகையிலே முட்டிக்கொண்டமையால், சரிகை தணலாய்ச் சிவந்தது. எடிசன் நிலவறைக்கு ஆளனுப்பி மின்பொறியை நிறுத்துவித்தார்; கனன்ற பட்டு மேலும் தீ மூளாது அவிந்தது. ஆயினும் வீட்டுத் தலைவியின் அச்சம் அவியவில்லை. தமது வீட்டின் அடியிலே கொதிகலன் ஒன்று இருக்கிறதென்பதை அப்பொழுதுதான் அவர் அறிந்தார். கொதிகலனுக்கு மேலே தாம் குடியிருக்க முடியாதென்று கண்டிப்பாய் மறுத்துவிட்டார். வேறு வழியின்றி எடிசன் அனைத்தையும் கழற்றி எடுத்துச் செல்ல நேர்ந்தது. இதனை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்து கூறியிருக்கிறார்.

அம்மையார் அஞ்சியதிலே பிழையில்லை. அஞ்சிய பொருளைத்தான் மாற்றி எண்ணிவிட்டார். கேடு கொதிகலனில் இருக்கவில்லை. எந்நேரமும் தொட்டுக்கொள்ளக்கூடிய இரண்டு கம்பிகளில் இருந்தது. மின்னோட்டம் விளக்கின் நுண்ணிழை வழியே செல்லும்பொழுது, அவ்விழையின் தடை அதனை அளவில் நிறுத்துகிறது. விளக்கை அணுகாமல் குறுக்குவழியொன்று கிடைத்துவிட்டால், ஓட்டம் பன்மடங்காகப் பெருகும். கம்பியிற் பிறக்கும் வெப்பமோ ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறுவது. ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. ஓட்டம் பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்கு. சுவருக்குள்ளே மறைந்து கிடக்கும் கம்பி இவ்வாறு காயுமாயின், அதனை முதலிற் காண்பது வீட்டாரின் கண்ணன்று, மூக்கே.

இதற்குப் பரிகாரம் எடிசனுக்கு முன்னரே ஒருவாறு தெரிந்திருந்தது. 1847ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிரெகே, தந்தி நிலையங்களை இடிமின்னலிலிருந்து காப்பதற்கு, வழியில் ஓரிடத்திலே மெல்லிய கம்பியொன்றை இடுமாறு கூறியிருந்தார். மின்னல் பாய்ந்தால் மெல்லிய கம்பி எரிந்துபோகும். விலையுயர்ந்த கருவி பிழைக்கும். பகைவன் பற்றினால் வாலை விட்டு உயிரைக் காத்துக்கொள்ளும் பல்லியின் உபாயமே இது. சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியளவே என்று நாம் குறைகூறுவோம். இங்கேயோ, நலிந்த கண்ணியொன்றை வேண்டுமென்றே அளந்து செய்து, அதனை நமக்கு வேண்டிய இடத்திலே வைக்கிறோம். 1880ஆம் ஆண்டு மே மாதம் எடிசன் பெற்ற காப்புரிமையொன்று இக்கருத்தை வீட்டு விளக்குகளுக்குக் கொண்டுவந்தது. அதிலே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. உருகும் கம்பியைச் சுற்றி மின்கடத்தாப் பொருளாலான உறையொன்று இருத்தல் வேண்டும் என்றார்; சூடேறிய உலோகம் கம்பளத்திலோ தளபாடத்திலோ விழுந்துவிடக் கூடாதல்லவா? தீயைத் தடுக்க வந்த கருவியே தீக்குக் காரணமாகாதபடி பார்த்துக்கொண்டார்.

கருவியின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘பியூஸ்’ என வழங்குவன இரண்டு வெவ்வேறு சொற்கள். வெடிமருந்துத் திரியைக் குறிப்பது இலத்தீனில் நூற்கதிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மின்கருவியைக் குறிப்பது, உருக்குதல் என்னும் பொருளுடைய வேறொரு சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் ‘உருகி’ என்கிறோம். அடியார் நெஞ்சுக்கே உரியதாயிருந்த உருக்கத்தைப் பீங்கான் பெட்டிக்குள்ளும் குடியேற்றிவிட்டது நமது கலைச்சொல். குழப்பமற்ற சொல் என்பதில் ஐயமில்லை.

உருக வேண்டியது எந்த உலோகம்? தொடக்கத்திலே ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியையே பெரிதும் விரும்பினர். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும் ஈயம் 327 பாகையிலும் உருகுபவை. செம்போ 1085 பாகை வரை தாங்குவது. எத்துணைத் தடிப்பான கம்பி எத்துணை ஓட்டத்தில் உருகும் என்பதை, பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் மின்பொறியியலாளரான வில்லியம் பிறீஸ் 1880களில் ஆராய்ந்து, றோயல் சொசைற்றியில் கட்டுரைகளாக அளித்தார். உருக்கும் ஓட்டம், கம்பியின் விட்டத்தினுடைய ஒன்றரை அடுக்கிற்கு ஏற்ப அமைகிறது என்பது அவர் கண்ட விதி. விட்டம் நான்கு மடங்கானால் உருக்கும் ஓட்டம் எட்டு மடங்காகும். கைப்பழக்கத்தால் செய்துவந்த தொழிலுக்கு இதனால் ஒரு கணக்குக் கிடைத்தது.

இனித் திருகின் செய்திக்கு வருவோம். உருகி என்பது அழிந்துபோவதற்கென்றே பிறந்தது. ஆகவே அதனை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றுபவனோ பொறியியலாளன் அல்லன், வீட்டுக்காரன். அவனும் இருட்டிலே நின்று மாற்றுவான். மின்குமிழுக்கென எடிசனின் தொழிற்கூடத்தார் வகுத்திருந்த திருகுபுரி இதற்கு வாய்ப்பாயிற்று. குமிழின் அடியிலே பித்தளைத் திருகு. அதன் நடுவே ஒரு முனை. ஓட்டம் முனை வழியே புகுந்து திருகு வழியே திரும்பும். 1881ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பையே உருகிக்கும் இட்டனர். குமிழ் இருந்த இடத்தில் ஒரு சிறு பீங்கான் அடைப்பான். அதன் முனைக்கும் திருகுக்கும் இடையே உருகும் கம்பி. கருவி வேண்டியதில்லை, விரலாற் பற்றித் திருகினால் போதும். இரண்டுக்கும் புரி ஒன்றே என்பதனால் மின்வினைஞர் ஒரு தந்திரமும் கண்டுகொண்டனர். உருகி எரிந்த இடத்தில் மின்குமிழ் ஒன்றைத் திருகிப் பார்ப்பார்கள். குமிழ் முழு ஒளியுடன் எரிந்தால் சுற்றிலே குறுக்கு இன்னும் தீரவில்லை என்பது பொருள்.

எடிசனின் விளக்கேந்திகளையும் உருகிக் கட்டைகளையும் தொடக்க காலத்திற் செய்து கொடுத்தவர், அவரிடம் முன்னர் வேலை செய்த சிக்மண்ட் பேர்க்மன் என்னும் ஜேர்மானியர். முதலிலே கட்டைகள் மரத்தாற் செய்யப்பட்டன. வெப்பத்துக்கு அஞ்சி வைக்கும் கருவியை மரத்திற் பொருத்துவது எத்துணைப் பொருத்தமின்மை என்பதை அனுபவம் விரைவிலே உணர்த்திற்று. அதன்பின் பீங்கான் வந்தது. நியூ ஜேர்சியிலுள்ள திரெண்டன், ஒகையோவிலுள்ள ஈஸ்ற் லிவர்பூல் ஆகிய குயத்தொழில் நகரங்கள், தேநீர்க் கோப்பைகளுடன் மின்பீங்கானும் செய்யத் தொடங்கின.

அத்தொழில் எளியதன்று. வெண்களியும் பெல்ஸ்பாரும் குவார்ட்ஸ் மாவும் கலந்து, சிறிதே ஈரமுள்ள பொடியாக்கி, உருக்கு அச்சில் இட்டு அழுத்துவர். சூளையிற் சுடும்பொழுது பீங்கான் சுருங்கும். கோப்பை சற்றே சிறுத்தால் யாரும் கேட்பதில்லை; ஆனால் உருகியின் உடலோ பித்தளைத் திருகுக்குள் சரியாகப் பொருந்த வேண்டியது. ஆதலின் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாக வெட்டினர். திருகு செய்வது வேறொரு வித்தை. மெல்லிய பித்தளைத் தகட்டிலிருந்து வட்டங்கள் வெட்டி, அழுத்தியினாற் கிண்ணமாக இழுத்து, பின்னர் இரண்டு உருளைகளுக்கிடையே சுழற்றிப் புரியைப் பதிப்பர். தகடு காகிதம்போல் மெல்லியதாதலின் அதிலே புரியை வெட்டியெடுக்க இயலாது; வெட்டினால் கிழியும். எடிசன் திருகின் புரி கூராயிராமல் அலைபோல் வளைந்திருப்பதன் காரணம் இதுவே. அங்குலத்துக்கு ஏழு புரி. அந்த அகன்ற அலைப்புரியை இருட்டிலும் தடவிப் பொருத்திவிடலாம்.

முகப்பிலே ஒரு சாளரம் வைத்தனர். முற்காலத்திலே அது மைக்காத் தகடு, பின்னரே கண்ணாடியாயிற்று. மின்தொழிலுக்கு வேண்டிய மைக்கா இந்தியாவின் பீகாரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் மிகுதியாக ஏற்றுமதியானது. அச்சாளரம் அழகுக்கன்று. உள்ளே துத்தநாகப் பட்டி அமைதியாக அற்றுக் கிடந்து, சாளரம் தெளிவாயிருந்தால், சுமை மிஞ்சிவிட்டது என்று அறியலாம். சாளரம் கரிபடிந்து மறைந்திருந்தால் எங்கோ குறுஞ்சுற்று நேர்ந்தது என்று அறியலாம். எழுத்தறியாதவனும் படிக்கக்கூடிய ஏடு அது.

இவ்வளவும் நன்றாய் அமைந்த கருவியிலே ஒரு பெருங்குறை இருந்தது. 15 அம்பியர் உருகிக்கும் 30 அம்பியர் உருகிக்கும் திருகு ஒன்றே. 15 அம்பியருக்கென இட்ட கம்பியிலே 30 அம்பியர் உருகியைத் திருகினால், கம்பி தாங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகும் வரையில் உருகி வாளாவிருக்கும். அதனினும் கொடியது ஒரு சத நாணயத்தின் கதை. அமெரிக்க வீடுகளில், கையில் மாற்று உருகி இல்லாத இரவுகளிலே, எரிந்த உருகியைக் கழற்றி, ஏந்தியின் அடியிலே செம்புச் சதம் ஒன்றை வைத்து, அதன்மேல் அதே உருகியைத் திரும்பத் திருகிவிடுவார்கள். நாணயம் நடுமுனையையும் பித்தளைத் திருகின் விளிம்பையும் ஒருங்கே தொடும், விளக்கு எரியும். உருகும் பட்டியோ இருந்தும் இல்லாததாகும். அவ்வீட்டிலே இனி உருகக்கூடியது சுவருக்குள் இருக்கும் கம்பி ஒன்றே.

இதைச் செய்தவர்கள் எல்லாரும் அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. குளிர்பதனப் பெட்டியின் மோட்டர் புறப்படும் கணத்திலே, ஓடும்பொழுது கொள்வதைவிடப் பன்மடங்கு ஓட்டத்தை இழுக்கும். அக்கணத்துக்காகவே உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால், வீட்டுக்காரன் பொறுமையிழந்து பெரிய உருகியை நாடுவது இயல்பு. காரணமின்றிக் குரைக்கும் நாயை யாரும் அவிழ்த்துவிடத்தான் செய்வர். திருடன் வரும் இரவில் அது இராது.

இந்தக் குறையை முதலில் முறையாகத் தீர்த்தது ஜேர்மனியின் சீமென்ஸ் நிறுவனம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அது ‘டயசெட்’ என்னும் அமைப்பை வெளியிட்டது. அங்கும் எடிசன் திருகே. ஆனால் திருகும் மூடி வேறு, உருகி வேறு. பீங்கான் குழாயாகிய உருகியின் அடிமுனை ஓட்டத்துக்கு ஏற்பத் தடிக்கும்: 10 அம்பியருக்கு 8 மில்லிமீற்றர், 16க்கு 10, 20க்கு 12, 25க்கு 14. ஏந்தியின் அடியிலே, மின்வினைஞன் தனிச் சாவியினால் ஒரு பீங்கான் வளையத்தைப் பொருத்திவிடுவான். 10 அம்பியர் வளையத்திற்குள் 20 அம்பியர் உருகியின் கால் நுழையாது. சிறியதை இடலாம், பெரியதை இட இயலாது. வீட்டுக்காரனின் மனச்சான்றை நம்பாமல், துளையின் அளவை நம்பினர்.

குழாயினுள்ளே குவார்ட்ஸ் மணல் நிறைந்திருக்கும். உலோகம் உருகி அறும் கணத்தில் இடைவெளியிலே மின்வில் ஒன்று மூளும். அதன் வெப்பத்தை மணல் உறிஞ்சி, தானும் உருகிக் கண்ணாடிபோல் இறுகி, வில்லை அவிக்கும். உள்ளே நிகழ்வதை வெளியே காட்டுவதற்கு மணற்குழாயிலே சாளரம் வைக்க முடியாதல்லவா? அதற்காக மயிரிழைபோன்ற இரண்டாம் கம்பியொன்று, வில்லுக்கம்பியின் விசைக்கு எதிராக ஒரு நிறப்பொட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெருங்கம்பி அற்றதும் ஓட்டமனைத்தும் அச்சிறு கம்பிமேற் பாய, அதுவும் அறுந்து பொட்டு விழும். மூடியின் கண்ணாடியூடே அதனைக் காணலாம். பொட்டின் நிறம் அளவையும் சொல்லும்: 6 அம்பியர் பச்சை, 10 சிவப்பு, 16 சாம்பல், 20 நீலம், 25 மஞ்சள். அந்நாளைய ஜேர்மன் தபால் முத்திரைகளின் நிறங்களைப் பின்பற்றியே இவை அமைந்தன என்பர். 10 பெனிக் முத்திரை சிவப்பாகவும் 20 பெனிக் முத்திரை நீலமாகவும் இருந்தது உண்மை.

அமெரிக்கர் இவ்வழிக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. தீக்காப்புறுதி நிறுவனங்களின் முயற்சியால் 1897இலேயே தேசிய மின்விதிக்கோவை பிறந்திருந்தும், ஒரே அளவான திருகு நெடுங்காலம் நீடித்தது. பின்னரே, ஏந்தியிலே ஒருமுறை திருகினால் திரும்பக் கழற்ற இயலாத இடைத்துண்டும், அளவுக்கேற்ப வேறுபடும் சிறுத்த புரியும் கொண்ட ‘எஸ்’ வகை உருகி வந்தது. மோட்டர் புறப்படும் கணத்தைப் பொறுத்துக்கொண்டு, நீடித்த மிகைச்சுமைக்கு மட்டும் அறுந்துபோகும் தாமத உருகியும் செய்யப்பட்டது. பழைய பொதுத் திருகு உருகியை, முன்னரே இருக்கும் அமைப்புகளில், அதுவும் அளவுமீறி இட்ட அடையாளம் இல்லாதவிடத்து மட்டுமே மாற்றீடாக இடலாம் என்று விதி இறுகிற்று.

பிரித்தானியர் முறையிலே கம்பியிட்ட இலங்கை போன்ற நாடுகளுக்குத் திருகு உருகி பரவலாக வரவில்லை. இங்கு வழங்கியது பீங்கான் பாலத்தில் வெறுங்கம்பியைச் சுற்றி மாட்டும் உருகி. சதம் வைக்க அதிலே இடமில்லை. ஆனால் ஓரிழைக்குப் பதில் மூன்றிழையை முறுக்கிச் சுற்றுவதைத் தடுப்பதற்கு அதிலே வளையமும் இல்லை.

ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே ஹூகோ ஸ்ரொட்ஸ் என்பவரின் நிறுவனம் 1920களில் வேறு வழி கண்டது. மிகையோட்டம் வந்தால், காந்தத்தினாலோ வெப்பத்தில் வளையும் ஈருலோகப் பட்டியினாலோ, தானே சுற்றை அறுத்துக்கொள்ளும் சிறிய சுற்றுடைப்பான் அது. உருகுவதற்கு அதிலே ஒன்றுமில்லை. குற்றத்தைத் தீர்த்தபின் பொத்தானை அமுக்கினால் விளக்கு மீண்டும் எரியும். சதத்தைத் தேட வேண்டியதில்லை. வீடுகளிலே ஏற்கெனவே இருந்த ஏந்திகளை மாற்றாமலே அதனை இட வேண்டுமென்பதற்காக, அடிப்பாகத்தை மட்டும் பழைய முறையிலேயே செய்தனர். உருகியைக் கழற்றிவிட்டு, அதே அலைப்புரியிலே விரலாற் பற்றித் திருகினால் போதும்.