சாரற் காலத்துப் போர்வை

ஆனி பிறந்தால், ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று குற்றாலத்தில் சாரலைத் தூவும். தென்காசியிலும் இரவு குளிரும். ஓய்வு பெற்ற ஆண்டில், மறைந்த என் அன்னையாரின் நூற்சேலைகளை அடுக்கி, மேலும் கீழும் பருத்திப் பிளானல் வைத்து, ஓட்டுத்தையலிட்டு ஒரு போர்வை தைத்தேன்.

பிளானலில் இழைகளைச் சீவி எழுப்பியிருப்பார்கள். அந்த மென்மயிர்களிடையே காற்று அசையாது தங்குகிறது. அசையாக் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே உடற்சூடு வெளியேறுவது குறைகிறது. போர்வை வெப்பத்தைத் தருவதன்று, காப்பது. வங்காளத்தார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் இம்முறையினதே.

ஆனால், நான் ஒரு பிழை செய்தேன். பிளானல் முதல் நனைப்பிற் சுருங்கும். நனைத்து உலர்த்திய பின்னரே தைத்தல் வேண்டும். நான் பொறுக்கவில்லை. முதற் சலவையில் போர்வை கோணிச் சுருங்கிற்று. 36 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதித்தவன் நாணினேன். அன்னையின் சேலைகள் கிழியாவண்ணம் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். சுருங்கிய அளவுக்கேற்ப அவற்றை மடித்து, மீண்டும் தைத்தேன். ஒரு திங்கள் ஆயிற்று.

ஊசி பிடித்தல் பெண்டிர்க்கே உரியதென்று எண்ணாதீர்கள். தைத்துப் பாருங்கள், பிழைத்தால் பிரித்துத் தையுங்கள்.