பளு இழுக்கும் பிக்கப் வண்டியும் எண்ணெய்க் குளிர்விப்பானும்

(நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்கு மோட்டார் வண்டியில் என்ன வேலையென்று உங்களுட் சிலர் புன்னகை புரிதலை யாம் காண்கின்றோம். வினா நியாயமானதே. சென்ற ஆண்டு எம் மைத்துனரது வண்டி பழுதுற்றுப் பட்டறையிற் கிடந்த நாற்பது நாளும், பள்ளி விட்டபின் அங்கே சென்றமர்ந்து, மிஸ்திரியார் சொல்லக் கேட்டும், கழற்றிய உறுப்புக்களைக் கண்ணாற் கண்டும், நூல்களைப் புரட்டியும் யாம் அறிந்துகொண்டவை சில உள. நம் குடும்பங்களிற் பல கடன்பெற்றுப் பிக்கப் வண்டி வாங்கி, அதன் பின்னே கலவை எந்திரமும் ஜெனரேட்டரும் கோத்திழுத்துப் பிழைப்பு நடத்துகின்றன. ஆதலின், ‘ஆயில் கூலர்’ எனப்படும் எண்ணெய்க் குளிர்விப்பானைப் பற்றிப் பேசுமாறு செயலாளரவர்கள் எம்மைப் பணித்தார்கள்.

எஞ்சினில் எண்ணெய் செய்யும் தொழில் உராய்வைத் தடுத்தல் ஒன்றே எனப் பலர் கருதுவர். வெப்பத்தைச் சுமந்து செல்லுதலும் அதன் தொழிலேயாம். ரேடியேட்டரின் நீர் சிலிண்டர்ச் சுவரையும் அதன் தலையையும் சுற்றி ஓடுவது. பிஸ்டனின் அடிப்புறத்தையும், கிராங்குத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளையும் அது சென்று தொடுவதில்லை. அவ்விடங்களிற் பிறக்கும் வெப்பத்தை எண்ணெயே வாங்கிக்கொண்டு கீழுள்ள தொட்டிக்குக் கொணர்கின்றது. டர்போ பூட்டிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில், பிஸ்டனின் அடியில் எண்ணெயைப் பீச்சியடித்துக் குளிர்விப்பதற்கென்றே சிறு குழல்கள் வைத்திருக்கின்றனர்.

இனி, பளு இழுக்குங்கால் நிகழ்வது யாதெனப் பார்ப்போம். வண்டியும் சரக்கும் பின்னே கோத்த எந்திரமும் சேர்ந்து 4,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்ல ஏறக்குறைய 12 குதிரைத்திறன் போதும். அதே வண்டி 12 அடிக்கு ஓரடி ஏறும் மேட்டில், பாதி வேகமாகிய 20 கிலோமீட்டரிற் செல்லவே 30 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். வேலை இரண்டரை மடங்காயிற்று. முன்புறம் வந்து மோதும் காற்றோ பாதியாகக் குறைந்தது. அன்றியும், எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறும்; எஞ்சியது வெப்பமாய்க் கழியவேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள. அத்தனை வளைவிலும் வண்டி முதற் கியரிலும் இரண்டாங் கியரிலும் முனகிக்கொண்டே ஏறும்போது, அவ்வெப்பம் எங்கே போகும்?

கவலை இறைத்த காலத்தில், எருதின் வாயில் நுரை கண்டமாத்திரத்தில் உழவன் அதனை நிறுத்தி நிழலிற் கட்டினான். எஞ்சினுக்கு நுரையில்லை. ஓட்டுவோர் கண்முன் இருக்கும் முள் காட்டுவது நீரின் வெப்பத்தையே. எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் முள் நம் பிக்கப் வண்டிகளிற் பெரும்பாலும் இல்லை. நீர் 90 பாகையளவில் அமைதியாக நிற்க, எண்ணெய் 120, 130 பாகையைக் கடந்துவிடுதல் கூடும். எண்ணெய்க்கு 100 முதல் 110 பாகை வரை இயல்பு. அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியாளர் கொண்ட கணக்கு. நாம் வழக்கமாக ஊற்றும் 15டபிள்யூ-40 எண்ணெய், 40 பாகையில் இருக்கும் தடிப்பில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கே 100 பாகையிற் கொண்டிருக்கும். மேலும் சுட்டால் மேலும் நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் பேரிங்கினிடையே நிற்காது நழுவும், அழுத்தம் குறையும், இரும்பு இரும்பைத் தொடும்.

எம் மைத்துனருக்கு நேர்ந்ததும் இதுவே. கலவை எந்திரத்தைக் கோத்திழுத்து மலையேறி, உச்சியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை மெல்ல ஓடவிட்டபோது, எண்ணெய் விளக்கு மினுக்கிற்று. கீழே வந்ததும் ஒரு பட்டறையிற் கேட்டார். எண்ணெய்க் குளிர்விப்பான் பூட்டவேண்டுமென்றார்கள். அறிவுரை தவறன்று, செய்த விதமே தவறு. பழைய கார் ஒன்றிற் கழற்றிய குளிர்விப்பானை முகப்பிற் கம்பியாற் கட்டி, எண்ணெய்க்கு ஆகாத சாதாரண ரப்பர்க் குழாயை மாட்டிக் கிளிப்பால் இறுக்கி அனுப்பிவிட்டனர். பதினைந்து நாள் அக்குழாய் சேசிசின் விளிம்பில் உரசிக்கொண்டே இருந்திருக்கின்றது. மலைப்பாதையின் நடுவில் அது வெடித்தது. எண்ணெய் முழுவதும் சில நொடிகளில் வெளியேறிற்று. சிவந்த விளக்கைக் கண்டும், ‘இந்த ஒரு வளைவைக் கடந்து சமமான இடத்தில் நிறுத்துவோம்’ என்று அவர் எண்ணினார். அந்த ஒரு வளைவிலேயே எஞ்சின் இறுகி நின்றது. கிராங்குத் தண்டும் பேரிங்குகளும் பாழ். எம் இல்லாளின் தம்பி மனைவி கழுத்திலிருந்த நகை அடகுக்குச் சென்றது. வண்டித் தவணையோ நிற்கவில்லை. தாய்மார்களும் இப்பேச்சைக் கேட்கவேண்டுமென யாம் விரும்பியது இதனாலேதான்.

ஆகவே இளைஞர்களே, குளிர்விப்பான் வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் அளந்தறியுங்கள். எண்ணெய் வெப்பங் காட்டும் கருவியொன்றைப் பூட்டி, உங்கள் வழியில் உள்ள கடுமேட்டை வழக்கமான பளுவோடு ஒருமுறை ஏறிப்பாருங்கள். 110 பாகைக்குள் நின்றால் பணத்தைப் பெட்டியில் வையுங்கள். மிகுமாயின், ரேடியேட்டரின் இடுக்கில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா, விசிறி சரியாகச் சுழல்கின்றதா, எண்ணெய் அளவும் இனமும் செம்மையா, மாற்றும் தவணை கடந்துவிட்டதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே நோய் தீர்ந்துவிடும் என்பது மிஸ்திரியார் கருத்து. வேறொன்றும் கவனிக்கத்தக்கது. எண்ணெயும் நீரும் அருகருகே ஓடி வெப்பம் மாற்றிக்கொள்ளும் சிறு குளிர்விப்பான் ஒன்றைப் பல டீசல் எஞ்சின்களில் வண்டி செய்தோரே பூட்டியுள்ளனர். அது அடைபட்டிருக்க, வெளியே புதிதொன்று பூட்டுதல் வீண்செலவு. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின், விற்றவரைக் கேளாது கை வைக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்தபின்னும் வெப்பம் மிகுமாயின், குளிர்விப்பானைப் பூட்டுக, தயங்கவேண்டா. எண்ணெய் வடிகட்டி இருக்குமிடத்தில், எஞ்சினுக்கும் வடிகட்டிக்கும் இடையே ஒரு தட்டு வைப்பர். அதன் வழியே எண்ணெய் வெளியே சென்று, காற்றிற் குளிர்ந்து மீளும். அத்தட்டின் மரை உங்கள் எஞ்சின் மரையோடு சரியாகப் பொருந்தவேண்டும். ‘ஏறக்குறைய’ என்பது இங்கே ஆகாது. தட்டினுள் தெர்மோஸ்டாட் இருத்தல் மிக இன்றியமையாதது. எண்ணெய் 80 அல்லது 85 பாகை அடையும்வரை அது வழியை அடைத்துவைக்கும். அஃதின்றேல், பனிக்காலத்து விடியலிலும் குறுந்தொலைவு ஓட்டத்திலும் எண்ணெய் சூடேறாது. அதிற் கலந்த ஈரமும் டீசலும் ஆவியாகாது தங்கிக் கசடாகும். மிகுந்த குளிர்ச்சியும் எஞ்சினுக்குக் கேடே.

குளிர்விப்பானை ரேடியேட்டரின் முன்னே வைக்கலாம். ஆயினும் அதன் முகத்தை முழுதும் மூடாமலும், இடையே காற்றுப் போக இடம்விட்டும் வைக்கவேண்டும். மலையில் வேகங் குறைவாதலின், தனி மின்விசிறி இருப்பின் நலம். குழாய் என்பதே இதன் உயிர்நாடி. சூட்டெண்ணெய்க்கும் அழுத்தத்துக்குமென்று செய்த குழாயையே, முனையில் மரையிட்ட இணைப்போடு வாங்குங்கள். உரசுமிடந்தோறும் ரப்பர் உறை இடுங்கள். எஞ்சின் ஆடும்போது இழுபடாதபடி சற்றுத் தளர்வு விடுங்கள். பூட்டியபின் எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, அளவுகோலைப் பார்த்துக் குறையும் எண்ணெயை ஊற்றவேண்டும். குளிர்விப்பானும் குழாயும் நிறைந்த அளவு தொட்டியிற் குறைந்திருக்கும். முதல் வாரம் நாள்தோறும் வண்டியின் அடியிற் குனிந்து பாருங்கள். பின்பு ஒவ்வொரு மலையேற்றத்துக்கு முன்னும் பாருங்கள். சிவந்த விளக்கு எரிந்தால், வளைவாயினும் சரி, பாலமாயினும் சரி, அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

குளிர்விப்பான் பூட்டினோம், இனி இன்னும் ஒரு டன் கூடுதலாக இழுக்கலாம் என்று நம் இளைஞர் ஒருவர் எம்மிடமே சொன்னார். எண்ணெய் குளிர்ந்ததனால் கிளச்சுக்கோ அச்சுக்கோ வலிமை கூடிவிடாது. மலையிறங்கும்போது பிரேக்குக்கும் அது துணைவராது. வண்டி செய்தோர் குறித்த எடை குறித்த எடையே. மயிலிறகு ஏற்றிய வண்டியைப்பற்றி வள்ளுவர் உரைத்தது நம் சிறுவருக்கும் தெரியுமாதலின் யாம் விரிக்கவில்லை. பின்னே இழுக்கப்படும் டிரெயிலருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்பதையும் சிலர் மறந்துவிடுகின்றனர்.

எம் மைத்துனர் கடன் அடைத்தபாடில்லை. எஞ்சினை மீண்டும் கட்டி, முறைப்படி வேறொரு குளிர்விப்பான் பூட்டி, இப்போது அதே மலைக்கு அதே கலவை எந்திரத்தோடு வாரம் இருமுறை சென்றுவருகின்றார். முள் 105 பாகையைத் தாண்டுவதில்லை. வண்டி மண்டபத்தின் கீழைவாயிலில் நிற்கின்றது. கூட்டம் முடிந்தபின் காண விரும்புவோர் வரலாம். அவரே முகப்பைத் திறந்து காட்டுவார். இப்போதுதான் ஓடிவந்து நின்றதாதலின், குழாயிற் கை வைக்குமுன் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.