தீவிலே செத்தவர்களும் தர்ப்பைப் புல்லும்

(நாரணாபுரத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இவ்வூரில் இவ்வருஷம் காலமானவர்களை நினைத்துக் கொள்ளுவதற்காக இக்கூட்டம் கூட்டப்பட்டிருப்பதாகத் தலைவர் அவர்கள் தமது முகவுரையில் சொன்னார்கள். புரோகிதர் இல்லை, ஓமப் புகை இல்லை, பிண்டம் இல்லை. ஆனால் மனிதர்கள் நிறைந்திருக்கிறார்கள். செத்தவர்களை நினைப்பதற்கு வேண்டியது மனிதர்கள்தான் என்பதை நீங்கள் கூடியிருப்பதே காட்டுகிறது.

இன்னும் சில தினங்களில் ஆடி அமாவாசை வருகிறது. இந்தப் பக்கத்திலிருந்து வேன் அமர்த்திக் கொண்டும், பஸ் ஏறியும் அருப்புக்கோட்டை, இராமநாதபுரம் வழியாக இராமேசுவரத்திற்குப் புறப்பட நம்மவர்கள் மூட்டை கட்டிக் கொண்டிருக்கிறார்கள். ஆகவே நாம் இன்று அந்த இராமேசுவரத் தீவைப் பற்றியே பேசலாமென்று வந்திருக்கிறோம். நம்முடைய செத்தவர்களுக்காக நாம் அந்தத் தீவுக்குப் போகிறோமே, அந்தத் தீவிலே செத்தவர்களைப் பற்றி நமக்கு ஏதாவது தெரியுமா? இதுதான் நாம் கேட்கப் போகும் கேள்வி.

தீவின் மக்கள்

இராமேசுவரம் என்றால் உங்களுக்கு நினைவுக்கு வருவதெல்லாம் கோபுரமும், நீண்ட பிரகாரமும், இருபத்திரண்டு தீர்த்தமும், அக்கினி தீர்த்தக் கரையுந்தான். ஆனால் அந்தத் தீவு குருக்கள்மார்களுக்காக மாத்திரம் கடலிலிருந்து எழுந்ததல்ல. பாம்பன், தங்கச்சிமடம், தனுஷ்கோடி முதலிய ஊர்களில் வலை இழுத்துப் பிழைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு, முகமதியர்களும் உண்டு. பெண்கள் கையிலே துணியைச் சுற்றிக் கொண்டு, மூச்சை அடக்கி, கடலுக்குள் மூழ்கிப் பாறையிலே முளைத்திருக்கும் பாசியைப் பறித்து வருகிறார்கள். அந்தப் பாசியைக் காய்ச்சி எடுக்கும் பசைதான் பலகாரங்களுக்கும் மருந்துகளுக்கும் துணிச் சாயத்திற்கும் போகிறது. புண்ணியத்திற்காக முக்குளி போடுகிறவர்களுக்குத் தலபுராணம் இருக்கிறது. கஞ்சிக்காக முக்குளி போடுகிற இந்தத் தாய்மார்களுக்கு யார் புராணம் பாடினார்கள்?

1964ஆம் வருஷம்

1964ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 22ஆம் தேதி இரவு அந்தத் தீவைப் புயல் அடித்தது. அப்போது தனுஷ்கோடி என்பது ரயில் நிலையமும், தபால் ஆபீசும், சுங்கச் சாவடியும், மாதா கோவிலும், கடைவீதியும் கொண்ட ஊராக இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அங்கே ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்கள். கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன நம்மவர்களில் பலர் கடைசியாகப் பார்த்த தமிழ்நாட்டு மண் அதுதான். அந்த ஊரின்மேல் நள்ளிரவில் கடல் ஏறிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் ஒன்று தனுஷ்கோடியை நெருங்கும் சமயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு அலைவாயிலே போயிற்று. அந்தப் புயலில் மடிந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு பேர் என்று சொல்லுகிறார்கள். ஊர் மனிதர் குடியிருக்கத் தகுதியற்றதென்று சர்க்கார் விளம்பரம் செய்துவிட்டது. இடிந்த மாதா கோவில் சுவரும் ரயில் நிலையக் கல்லும் இன்றைக்கும் மணலிலே நிற்கின்றன.

இதைச் சொன்னவுடனே பக்தர்கள் ஒன்று சொல்லுவார்கள்: “அவ்வளவு பெரிய புயலிலும் இராமநாதசுவாமி கோவிலுக்கு ஒன்றும் நேரவில்லை; அதில் அடைக்கலம் புகுந்தவர்கள் பிழைத்தார்கள்; சுவாமியின் சக்தியைப் பாருங்கள்” என்பார்கள். நாம் கேட்கிறோம்: கருங்கல்லை அடுக்கி, ஆளுயர மதில் எழுப்பி, கடலை விட்டு மேட்டிலே கட்டிய கட்டடம் நிற்காமல், மணலிலே நட்ட ஓலைக் குடிசையா நிற்கும்? அதே கல்லிலே ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தால் பள்ளிக்கூடமும் நின்றிருக்கும்; அதிலே புகுந்தவர்களும் பிழைத்திருப்பார்கள். அப்படி நின்ற கோவிலுக்குச் சுவாமி காரணமென்றால், இடிந்துபோன மாதா கோவிலுக்கும், கவிழ்ந்துபோன ரயிலிலிருந்த ஜனங்களுக்கும் யார் காரணம்? பிழைத்தால் சுவாமி, செத்தால் விதி என்கிற இந்தக் கணக்கை எந்த மளிகைக் கடைக்காரராவது ஒப்புக்கொள்ளுவாரா? வரவை மாத்திரம் ஒருவர் பெயரில் எழுதி, செலவையெல்லாம் வேறொருவர் பெயரில் எழுதுகிற கணக்கப்பிள்ளையை ஒரு நாளாவது வேலையில் வைத்திருப்பீர்களா?

புயலுக்குத் தப்புவிக்கும் சக்தி எதுவென்பதை உலகம் பார்த்துவிட்டது. 1999ஆம் வருஷம் ஒரிசா தேசத்தில் அடித்த பெரும் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013ஆம் வருஷம் அதே கரையை மற்றொரு கடும் புயல் தாக்கியபோது மாண்டவர்கள் நூறு பேர்கூட இல்லை. இடையிலே பதினான்கு வருஷத்தில் அங்கே சுவாமிகளின் எண்ணிக்கை கூடிவிடவில்லை. விண்ணிலே சுழலும் கோளைக் கொண்டு புயல் வரும் வழியை முன்கூட்டிக் கண்டறிந்து, லட்சக்கணக்கானவர்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். கூடியது மனிதனுடைய அறிவுதான்.

அத்தீவு பெற்ற ஒருவர்

விண்ணிலே கோள் விட்ட சங்கதியைச் சொன்னோம். அந்த வேலையில் முன்னின்றவர்களில் ஒருவர் அதே தீவில் பிறந்தவர். தோழர் அப்துல் கலாம் 1931ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி இராமேசுவரத்தில் பிறந்தார். அதே 1931ஆம் வருஷத்தில்தான் நம்முடைய விருதுநகரில் மூன்றாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பிறவியினால் உயர்வு தாழ்வு இல்லையென்று முழங்கிற்று. அவருடைய தகப்பனார் யாத்திரைக்காரர்களைப் படகில் ஏற்றிப் பிழைத்தவர். அந்தப் படகையும் ஒரு புயல் கொண்டு போயிற்று. பிள்ளை ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து முதல் கூலி சம்பாதித்தது. அந்தப் பிள்ளை முன்னின்று நடத்திய ராக்கெட் 1980ஆம் வருஷம் ஜூலை 18ஆம் தேதி ரோகிணி என்னும் கோளை விண்ணிலே நிறுத்திற்று.

அவர் தமது வாழ்க்கைச் சரித்திரத்தில் எழுதியிருக்கும் இரண்டு சங்கதிகளை நீங்கள் கேட்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சியில் கோவில் குருக்களுடைய பிள்ளைக்குப் பக்கத்தில் குல்லாய் போட்ட இந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. புதிதாக வந்த உபாத்தியாயருக்கு அது பொறுக்கவில்லை. பின் பெஞ்சிக்குப் போ என்று விரட்டினார். மற்றொரு சமயம், ஒரு நல்ல பிராமண உபாத்தியாயர் இவரைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவருடைய மனைவியார் தம் சமையலறையில் முகமதியப் பிள்ளைக்குப் பரிமாற மறுத்தார். அந்த உபாத்தியாயர் கோபிக்காமல் தம் கையாலேயே பரிமாறிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரம் அந்த அம்மையாரே பரிமாறினார். பின் பெஞ்சிக்கு விரட்டிய உபாத்தியாயரையும் குருக்களே கூப்பிட்டுக் கண்டித்தார். இவைகளை நாம் மறைக்காமல் சொல்லுகிறோம். நம்முடைய சண்டை ஜாதியோடும் அதைக் காப்பாற்றும் சாஸ்திரத்தோடுமேயொழிய, திருந்துகிற மனிதரோடு அல்ல.

அவர் நம் கொள்கைக்காரர் அல்லர், பக்தர், மடாதிபதிகளையும் சாமியார்களையும் தேடிப் போனவர். அதை நாம் ஒப்பவில்லை. ஆனால் 2015ஆம் வருஷம் ஜூலை 27ஆம் தேதி ஷில்லாங்கில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருக்கையிலேயே சாய்ந்தார். பிறந்த தீவிலேயே, பேய்க்கரும்பு என்னுமிடத்தில் அடக்கம் செய்தார்கள். அவரை ஜனங்கள் நினைப்பது யாரும் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்ததனாலா? அவர் செய்த வேலையினால்.

பெயர் எழுதப்படாதவர்கள்

நிற்க, பெரிய பதவி வகித்தவரை உலகம் நினைத்துக் கொள்ளும்; மண்டபமும் கட்டும். மற்றவர்களுடைய கதி என்ன? 2017ஆம் வருஷம் மார்ச்சு மாதம் தங்கச்சிமடத்து வாலிபர் ஒருவர் கடலில் துப்பாக்கிக் குண்டு பட்டு மாண்டார். 2024ஆம் வருஷம் ஆகஸ்டு 1ஆம் தேதி இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதுண்டு இராமேசுவரத்து விசைப்படகு ஒன்று மூழ்கிற்று. நான்கு பேரில் ஒருவர் பிணமாகக் கிடைத்தார், மற்றொருவரைக் கடலில் தேட நேர்ந்தது. இது நடந்த மூன்றாம் நாள், ஆகஸ்டு 4ஆம் தேதி, ஆடி அமாவாசை! தகப்பனை இழந்த வீட்டில் அழுகுரல் ஓயவில்லை. கடற்கரையிலோ வெளியூரிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானவர்கள் என்றைக்கோ செத்துப்போன பாட்டனுக்குப் பசியாற்றுவதாக எண்ணிக் கொண்டு மாவுருண்டையைக் கடலில் கரைத்தார்கள். இவர்களில் எத்தனை பேர், “இந்த ஊரிலே கேதம் எந்த வீட்டில்?” என்று கேட்டிருப்பார்கள்? துக்க வீட்டுக்குப் பக்கத்திலேயே நின்று துக்கம் கேட்காமல் திரும்புவதற்குப் பெயர் புண்ணியமாம்!

நாம் பித்ரு கடன் என்பதைப் பற்றி ஒன்று கேட்கிறோம். விலாசம் எழுதாமல் தபால்பெட்டியில் கடிதம் போட்டால் போய்ச் சேருமா? ஆத்மா மறுபிறவி எடுத்துவிடுகிறது என்கிறார்கள். அப்படியானால் உங்கள் பாட்டனார் இப்போது எங்கோ ஒரு தொட்டிலிலே பால் குடித்துக் கொண்டிருப்பார். அவருக்கு எள் எதற்கு? இல்லை, பித்ருலோகத்தில் இருக்கிறார் என்றால் மறுபிறவி பொய். இரண்டில் ஒன்றைப் பொய்யென்று ஒப்புக்கொள்ளாமல், இரண்டுக்கும் தட்சிணை வாங்குகிற வியாபாரம் இதைத் தவிர வேறு உண்டா? பக்கத்து ஊருக்கே சிவகாசி என்று பெயர். காசி லிங்கமே இங்கு வந்து தங்கிவிட்டதென்று தலபுராணம் சொல்லுகிறது. காசியே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதாக நம்புகிறவர்கள், பஸ் கட்டணம் கொடுத்து வேறெங்கோ போவானேன்?

நம் ஊர்க் கணக்கு

தோழர்களே! தீவு என்றால் கடல் சூழ்ந்தது மாத்திரமா? இந்தக் கரிசல் காட்டிலே பட்டாசுக் கட்டடங்களுக்கு நடுவில் வாழும் நாமும் ஒரு தீவில் இருப்பவர்களே. அவர்களைத் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது. நம்மை மருந்து சூழ்ந்திருக்கிறது. 2012ஆம் வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021ஆம் வருஷம் பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் எண்ணிக்கை வருகிறது. உராய்வு என்று ஒரு காரணம் வருகிறது. நிவாரணத் தொகை வருகிறது. செத்த மனிதர் யார், என்ன தெரிந்தவர், யாரைப் படிக்க வைத்தவர் என்பது வருவதில்லை.

துக்கத்திற்குப் பிறகு நாம் செய்வதென்ன? நம் கண்ணால் பார்த்ததைச் சொல்லுகிறோம். ஒரு வீட்டில் வெடியில் கருகிச் செத்த மனிதருக்குப் பதினாறாம் நாள் கருமாதி செய்ய வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். புரோகிதருக்குத் தானம், உறவினருக்குச் சாப்பாடு. அன்று விடியற்காலை அந்த இளம் பெண்ணை நடுவீட்டில் உட்காரவைத்து, பூவைப் பறித்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்தார்கள். அடுத்த ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்த வீட்டுப் பெண் குழந்தை பள்ளிக்கூடத்திற்குப் போகவில்லை. வட்டி கட்டுவதற்காகத் திரி அறுக்க உட்கார்ந்துவிட்டது. தகப்பனைக் கொன்றது மருந்து. மகளுடைய படிப்பைக் கொன்றது கருமாதி! செத்தவருக்கு மோட்சம் தேடப்போய் இருக்கிறவர்களுக்கு நரகம் வாங்கிக் கொடுத்தோம். அந்தத் தகப்பனார் பிழைத்து வந்து கேட்டால், “எனக்குப் பிண்டம் வை” என்று கேட்பாரா? “என் பிள்ளை எங்கே?” என்று கேட்பாரா?

செய்ய வேண்டியது

ஆகவே நாம் கேட்டுக் கொள்ளுவது அதிகமொன்றுமில்லை.

முதலாவது, இந்த ஊரில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஆணாயினும் பெண்ணாயினும், எந்த ஜாதியாராயினும், காலமானவர் பெயரை அதில் எழுதி, அவர் செய்த தொழிலையும், ஊருக்குச் செய்த நன்மையையும் நாலு வரி எழுதுங்கள். அடுத்த தலைமுறை தன் பாட்டனை எள்ளில் தேடாமல் எழுத்தில் தேடட்டும்.

இரண்டாவது, கருமாதிக்குச் செலவாகும் பணத்தை அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குங்கள். மொய் எழுதுகிறவர்கள் அதிலே எழுதுங்கள்.

மூன்றாவது, புருஷன் செத்தான் என்பதற்காக எந்தப் பெண்ணின் பூவிலும் பொட்டிலும் கை வைக்காதீர்கள். அவள் விரும்பினால் மறுமணம் செய்து கொள்ளவும் துணை நில்லுங்கள். மனைவி செத்தால் புருஷனிடமிருந்து எதையாவது பறிக்கிறீர்களா?

நான்காவது, அறைக்கு இத்தனை பேர்தான் என்று சட்டம் சொன்னால் அதற்கு மேல் ஓர் ஆளும் உட்காராதீர்கள். உள்குத்தகைக்கு விட்ட இடத்தில் மரத்தடியிலே மருந்து செலுத்தச் சொன்னால், மாட்டோம் என்று ஒன்றாகச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் வேலை போகும். ஊரே சொன்னால் உயிர் நிற்கும்.

ஐந்தாவது, இராமேசுவரத்திற்குப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் தனுஷ்கோடி மணலையும் பார்த்து வாருங்கள். பாசி எடுக்கும் பெண்களோடு பேசிப் பாருங்கள். கடலிலே மகனைக் கொடுத்த வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேதம் கேட்டு வாருங்கள். அவர்களும் உங்களிடம் பட்டாசுச் சாவுகளைப் பற்றிக் கேட்பார்கள். கடலோரத்துத் தொழிலாளியும் கரிசல் காட்டுத் தொழிலாளியும் ஒருவர் துக்கத்தை ஒருவர் அறிந்து கொள்ளும் நாளில்தான், செத்தவர்கள் வீணாகச் செத்தவர்களாக மாட்டார்கள்.

செத்தவர்களுக்குப் பசி இல்லை; பசி இருக்கிறவர்களுக்குத்தான். இந்த ஒன்றை மாத்திரம் மறவாதீர்கள்.