மேயர், துணை மேயர்: பதவியும் பொறுப்பும்



சென்னை மாநகராட்சி பழமையானது. 1687-இல் சாசனம் வழங்கப்பெற்று, 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சனை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. காலப்போக்கில் மறைந்த மேயர் பதவி 1933-இல் மீண்டு வந்தபோது, குமாரராஜா முத்தையா செட்டியார் அதில் அமர்ந்தார். 1957-இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 2022-இல் ஆர். பிரியா, பட்டியல் சாதியைச் சேர்ந்த முதல் பெண் மேயராகப் பொறுப்பேற்றார்.

மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் மேயர். வரி, சாலை, சுகாதாரம், பள்ளி ஆகியவற்றைப் பற்றிய தீர்மானங்கள் அவர் முன்னிலையில்தான் நிறைவேறுகின்றன. ஆனால் அவற்றைச் செயல்படுத்தும் அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் 1978-இலேயே தனி வாரியத்துக்குப் போய்விட்டன. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மக்கள் மேயரைத்தான் கேட்கிறார்கள். வாரியமோ அவர் கையில் இல்லை.

துணை மேயரைக் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயர் இல்லாதபோது அவையை நடத்துவதும், மேயர் பதவி காலியானால் பொறுப்பேற்பதும் அவர் கடமை. இதை வெறும் அலங்காரப் பதவியாக எண்ண வேண்டாம். எடுத்துக்காட்டாக, தேர்தலில் வென்ற இரண்டு பதவிகளை ஒருவரே வகிக்கத் தடை விதிக்கும் சட்டம் 2002-இல் வந்தது. அதையடுத்து மு.க. ஸ்டாலின் மேயர் பதவியை விட்டபோது, துணை மேயராக இருந்த கராத்தே தியாகராஜன் பொறுப்பை ஏற்றார். மேயர் இன்றியும் மாமன்றம் தொடர்ந்து நடந்தது.

இவ்விரு பதவிகளையும் பலவீனப்படுத்தியது தேர்தலைத் தள்ளிப்போட்ட வழக்கமே என்பது என் உறுதியான கருத்து. 1973 முதல் 1996 வரை மாமன்றமே இல்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 முதல் கட்டளையிடுகிறது. அப்படியிருந்தும் 2016 முதல் 2022 வரை அதிகாரிகளே நகரை ஆண்டார்கள். தேர்தல் முறையும் நிலையாக இல்லை: 1996, 2001, 2011-இல் மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆட்சிக்கு ஆட்சி மாறாத ஒரே தேர்தல் முறை வேண்டும். மேயருக்கு நிர்வாகத்தில் உண்மையான அதிகாரம் வேண்டும். துணை மேயருக்கென்று குறிப்பிட்ட பணிகளைச் சட்டமே ஒதுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிய காலத்தில் தேர்தல் நடக்கவேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாமன்றத்தில் அவர் என்ன பேசினார் என்று கேளுங்கள். இந்த நகரத்தின் உரிமையாளர்கள் நீங்கள்தான்.