தராசு ஒருவர் கையிலேயே இருக்கலாமா?

(ஓர் உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் வாளியைச் சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு வந்து சேர்கின்றவர்கள் நீங்கள். அங்கே பாலை நிறுத்து எடையைக் குறிப்பவர் கிராணி. கணக்கில் பிழை இருப்பதாகத் தோன்றினால், முதலில் அவரிடமே கேட்கின்றோம். அவர் அதே தராசில் மீண்டும் நிறுத்து, “சரியாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டால் நம் மனம் அமைதி அடைகின்றதா? வேறொருவர் வேறொரு தராசில் நிறுத்துப் பார்த்தால்தான் ஐயம் தீரும். கிராணி நேர்மையானவராக இருந்தால் அது அவருக்கும் நன்மையே. அவர்மீது விழுந்த பழி அன்றே நீங்கிவிடும்.

மருத்துவமனையைப் பற்றிய முறையீட்டிற்கும் இதே நியதிதான். அதனை விளக்கச் சிங்கப்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகின்றேன். ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து அங்கே வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் உண்டு. ஆகவே இதனை அயல்நாட்டுக் கதையாகக் கொள்ள வேண்டா.

2015-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிறுநீரக நோயாளர் பிரிவில், ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் அழற்சி நோய் பரவியது. அஃது இரத்தத்தின் வழியே தொற்றும் நோய். குணம் பெறுவதற்காக வந்த நோயாளிகளில் 25 பேருக்கு அது தொற்றியது. அவர்களுள் எண்மர் இறந்தனர். எழுவரின் மரணத்திற்கு அந்நோய் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் எனப் பின்னர்க் கணிக்கப்பட்டது. ஆண்டின் முற்பகுதியிலேயே நோய் தலைகாட்டிய போதிலும், பொதுமக்கள் அதனை அறிந்தது அக்டோபர் 6-ஆம் நாளில்தான். “ஏன் இத்தனை தாமதம்? எதையேனும் மறைத்தார்களா?” என்று மக்கள் கேட்டார்கள்.

இக்கேள்விக்கு மருத்துவமனை மட்டும் விடை சொல்லியிருந்தால் எவர் ஏற்றிருப்பார்? சுகாதார அமைச்சு ஒரு தனி ஆய்வுக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் பேராசிரியர் லியோ யீ சின், தொற்றுநோய்த் துறை வல்லுநர். அவர் பணியாற்றியது வேறொரு மருத்துவமனையில். அதுவே லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள டான் டோக் செங் மருத்துவமனை. 1844-இல் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை, ஒரு காலத்தில் நம்மவர் நன்கறிந்த சிராங்கூன் சாலை ஓரத்திலேயே இருந்தது.

அக்குழுவின் அறிக்கை 2015 டிசம்பரில் வெளியாயிற்று. நோய்த்தொற்றைத் தடுக்கும் நடைமுறைகளில் குறைகள் இருந்தன என்றும், நோய் பரவுவதை உணர்வதிலும் மேலிடத்திற்கு அறிவிப்பதிலும் தாமதம் நேர்ந்தது என்றும் அது கூறியது. வேண்டுமென்றே தாமதித்ததற்குச் சான்று இல்லை என்றும் கூறியது. குற்றத்தையும் சொன்னது, குற்றமின்மையையும் சொன்னது. 2016 மார்ச்சில், மருத்துவமனையின் பொறுப்பாளர்கள் 12 பேர்மீதும் அமைச்சின் உயர் அதிகாரிகள் நால்வர்மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் அனைவரும் நிறைவடைந்துவிடவில்லை. அமைச்சின் செயலையும் ஆராய வேண்டிய ஒரு குழுவை அமைச்சே நியமிப்பது போதுமா என்ற வினா எழுந்தது. சட்டப்படியான விசாரணைக் குழு வேண்டும் என எதிர்க்கட்சியான தொழிலாளர் கட்சி கோரியது. அமைச்சோ, நியமித்த குழுவே போதும் என்று கருதியது. தராசைக் கையில் பிடிப்பவர் யார் என்று மட்டுமன்று, அதனை அவரிடம் கொடுத்தவர் யார் என்றும் மக்கள் பார்க்கின்றார்கள்.

இந்தச் சிந்தனை புதியதன்று. அரசு அலுவலகங்களைப் பற்றிய குறைகளை விசாரிக்க, 1809-இலேயே சுவீடன் நாடு குறைகேள் அதிகாரி ஒருவரை ஏற்படுத்தியது. பிரிட்டனில் மருத்துவச் சேவைக்கென்றே அத்தகைய அதிகாரி ஒருவருக்கு 1973-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. சிங்கப்பூரில் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசமைப்புச் சட்ட ஆணையம் 1966-இல் இத்தகைய பதவியைப் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்படுத்தவில்லை. நம் மலேசியாவில் பொதுமக்கள் புகார் அலுவலகம் 1971-இல் நிறுவப்பட்டது.

சிங்கப்பூரில் தனி மனிதர் ஒருவருக்கு என்ன வழி? முதற்படி, மருத்துவமனைக்கே எழுதுவது. விடை நிறைவு தராவிட்டால் சுகாதார அமைச்சுக்கு எழுதலாம். குறை ஒரு மருத்துவரின் நடத்தையைப் பற்றியதாயின், சிங்கப்பூர் மருத்துவ மன்றத்திடம் சத்தியப் பிரமாணத்துடன் எழுத்து மூலம் முறையிடலாம். கடுமையான குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் ஒழுங்கு நடுவர் குழுக்களை 2022 ஜூலை முதல் அம்மன்றம் நியமிப்பதில்லை. அதற்கென ஒரு தனி ஆணையம் உண்டு. வழக்காடாமல் தீர்க்க விரும்புவோர்க்குச் சமரச முறையும் உண்டு. கவனக்குறைவால் உடலுக்கு ஊறு நேர்ந்ததென நீதிமன்றம் செல்வோர், பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும்.

வழி எதுவாயினும், முறையிடும் விதம் ஒன்றே. நடந்ததை நாள், நேரம், இடம் குறித்து எழுதுங்கள். சந்திப்பு அட்டை, மருந்துச் சீட்டு, கட்டணச் சீட்டு ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். நீங்கள் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலக்காதீர்கள். விளக்கமா, மன்னிப்பா, இழப்பீடா, இனி இவ்வாறு நேராதிருக்க ஒரு மாற்றமா, எதனை வேண்டுகின்றீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியதன் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்க்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் சொல் உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

“டிரெசர் கோபித்துக்கொள்வாரோ? அடுத்த முறை மருந்து தர மறுப்பாரோ?” என்று அஞ்சி வாய்மூடி இருந்தவர்களைத் தோட்டங்களில் நாம் கண்டிருக்கின்றோம். முறையீடு பகைமை அன்று. நல்ல மருத்துவரும் நல்ல தாதியும் அதனால் எதனையும் இழப்பதில்லை. ஆனால் சொல்லப்படாத குறை, அடுத்து அதே கட்டிலில் படுக்கப் போகும் நோயாளிக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றது. அவர் நம் தாயாக இருக்கலாம். நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆகவே, முதலில் பணிவோடு கேளுங்கள். கிடைத்த விடை மனத்தை நிறைக்கவில்லையெனில், வேறொரு தராசைக் கேளுங்கள். அது தந்த எடை நமக்கு மாறாக இருப்பினும் ஏற்றுக்கொள்ளும் நேர்மை நமக்கும் வேண்டும்.