திருச்சபையின் தொடக்கமும் திருச்சபையாரின் கடமைகளும்



‘திருச்சபை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? உயர்ந்த கோபுரமும், அதன் உச்சியில் ஒரு சிலுவையும், காலையிலும் மாலையிலும் ஒலிக்கும் மணியும் உடைய ஒரு கட்டடமே பெரும்பாலும் தோன்றும். ஆனால், அச்சொல் பிறந்த காலத்தில் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை, சபைக்கென்று தனிக் கட்டடமும் இல்லை. சபை என்பது அன்று மக்களையே குறித்தது. அம்மக்கள் எவ்வாறு ஒன்று கூடினர், கூடியவர்கள் எவற்றைத் தங்கள் கடமையாகக் கொண்டனர் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

சபை என்று நாம் வழங்குவதற்குக் கிரேக்க மொழியில் ‘எக்ளேசியா’ என்று பெயர். அழைக்கப்பட்டுக் கூடியவர்களின் அவை என்பது அதன் கருத்து. ஏதென்ஸ் நகரத்தில், நாட்டுக் காரியங்களை ஆராய்ந்து முடிவு செய்யக் கூடிய குடிமக்கள் அவைக்கு இப்பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில் யூதர்கள் தங்கள் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, இறைவன் திருமுன் கூடிய இஸ்ரவேல் மக்களைக் குறிக்கவும் பலவிடத்து இச்சொல்லையே ஆண்டனர். இயேசுவைப் பின்பற்றியவர்கள் இச்சொல்லைத் தமக்கு உரியதாக்கிக் கொண்டனர். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஏதென்ஸ் அவையில் பெண்களுக்கு இடமில்லை, அடிமைகளுக்கு இடமில்லை, அயலூராருக்கும் இடமில்லை. புதிய சபையிலோ இம்மூவரும் இடம் பெற்றனர்.

சபையார் முதலில் கூடியது வீடுகளில்தான். சிரியா நாட்டில் யூப்ரட்டீஸ் நதிக்கரையில் தூரா-யூரோப்பஸ் என்னும் பழைய கோட்டை நகரம் ஒன்று மண்ணுள் புதைந்து கிடந்தது. 1930-ஆம் ஆண்டுகளில் அங்கு அகழ்ந்தபோது, கி. பி. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் வழிபட்ட வீடு ஒன்று வெளிப்பட்டது. சாதாரணக் குடியிருப்பு வீடு அது. இரண்டு அறைகளுக்கு இடையே இருந்த சுவரை எடுத்துவிட்டு, பலர் கூடுதற்கேற்ற ஒரு கூடமாக அதனை மாற்றியிருந்தனர். மற்றோர் அறையில் ஞானஸ்நானத்திற்குரிய தொட்டி இருந்தது. இன்று நமக்குத் தெரிந்த கிறிஸ்தவ வழிபாட்டிடங்களுள் மிகப் பழமையானவற்றுள் இதுவும் ஒன்று.

இனி, தொடக்கத்திற்கு வருவோம். ரோமாபுரிப் பேரரசின் கீழ் யூதேயா நாட்டைப் பொந்தியு பிலாத்து ஆண்ட காலத்தில், ஏறத்தாழ கி. பி. 30-இல், இயேசு எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டார். அவர் உயிர்த்தெழுந்தார் என்று அறிக்கையிட்ட சீடர்கள், பெந்தெகொஸ்தே என்னும் யூதப் பண்டிகை நாள் முதல் வெளிப்படையாகப் போதிக்கத் தொடங்கினர். அதற்குச் சிறிது முன்னர் அவர்கள் ஏறத்தாழ நூற்றிருபது பேரே இருந்தனர் என்று ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ என்னும் நூல் கூறுகிறது. அவர்கள் தங்கள் உடைமைகளைப் பொதுவாக்கினர், ஒன்றாக உண்டனர், இல்லாதவர்க்குப் பகிர்ந்து கொடுத்தனர். இவ்வளவோடு அந்நூல் நின்றிருந்தால், அஃது ஓர் இனிய கனவு என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால், சபையில் எழுந்த முதற் சச்சரவையும் அந்நூல் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

அச்சபையில் எபிரெய மொழி வழங்குவோரும் கிரேக்க மொழி வழங்குவோரும் இருந்தனர். நாள்தோறும் விதவைகளுக்கு உணவு அளிக்கப்பட்டது. அதில், கிரேக்க மொழியினரின் விதவைகள் புறக்கணிக்கப்பட்டனர் என்று முறுமுறுப்பு எழுந்தது. உணவுப் பந்தியில் மொழி வேற்றுமை தலைகாட்டிற்று! அப்போஸ்தலர்கள் முறையிட்டோரைக் கடிந்து அடக்கினார்களா? இல்லை. சபையார் அனைவரையும் கூட்டி, இப்பணிக்கென நற்சான்று பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்பன அந்த எழுவரின் பெயர்கள். இவ்வேழும் கிரேக்கப் பெயர்கள் என்பதை ஊன்றி நோக்குங்கள். எவர் குறை சொன்னாரோ, அவர் தரப்பினரிடமே உணவுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது எனலாம். குறை கூறுவோன் வாயை அடைப்பது எளிது. அவன் கையில் பொறுப்பைக் கொடுப்பதற்கோ பெருந்தன்மை வேண்டும்.

பின்னர், சிரியாவின் பெருநகரமாகிய அந்தியோகியாவுக்குச் சபை பரவிற்று. ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் முதன்முதல் வழங்கியது அங்குத்தான். அங்கு யூதரல்லாதவரும் திரளாகச் சேர்ந்தனர். அவர்கள் யூதச் சடங்குகளை மேற்கொண்டால்தான் சபையில் சேரலாமா என்ற வினா பிறந்தது. ஏறத்தாழ கி. பி. 49-இல் எருசலேமில் கூடி ஆராய்ந்த தலைவர்கள், அவர்கள்மேல் விருத்தசேதனச் சுமையை ஏற்ற வேண்டுவதில்லை என்று முடிவு செய்தனர். இஃது இல்லையேல், திருச்சபை யூத சமயத்தின் ஒரு சிறு பிரிவாகவே நின்றிருத்தல் கூடும்.

சபையாருக்குரிய கடமை யாது என்பதைப் பவுல் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய நிருபத்தில் தெளிவாகக் காணலாம். கொரிந்து இரு துறைமுகங்களை உடைய வணிக நகரம். அங்கே சபையார் ஆண்டவரின் திருவிருந்துக்காகக் கூடியபோது, வசதியுள்ளவர்கள் தாம் கொண்டுவந்த உணவை முந்தி உண்டுவிட்டனர். சிலர் மதுவால் மயங்கினர். ஏழைகள் பசியோடு நின்றனர். பவுல் இதனைச் சிறு குற்றமாகக் கருதவில்லை. இல்லாதவரை வெட்கப்படுத்தி உண்ணும் உணவு ஆண்டவரின் விருந்தாகாது என்பது அவர் கருத்து. அதே நிருபத்தில் அவர், எருசலேமில் வறுமையுற்ற சகோதரர்க்காக, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்குத் தக்கபடி ஒரு பகுதியைச் சேர்த்துவைக்குமாறு பணித்தார். பல ஊர்களில் சேர்ந்த அவ்வுதவியோடு ஏறத்தாழ கி. பி. 57-இல் எருசலேமுக்குச் சென்றபோதுதான் அவர் சிறைப்பட்டார். கடல் கடந்த ஊரில் முகமறியாத ஏழைக்கும் நாம் கடமைப்பட்டவர்கள் என்ற எண்ணம் அன்று புதியது. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது.

இதுகாறும் சபையாரே தம்மைப் பற்றி எழுதியவற்றைக் கண்டோம். அவர்களை விரும்பாத ஒருவர் கூறும் சாட்சியையும் கேட்போம். ஏறத்தாழ கி. பி. 112-இல், கருங்கடலின் தென்கரையில் உள்ள பித்தினியா, பொந்து மாகாணத்தின் ஆளுநராக இளைய பிளினி என்பார் இருந்தார். கிறிஸ்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பலர் அவர்முன் நிறுத்தப்பட்டனர். ‘நீ கிறிஸ்தவனா?’ என்று மும்முறை கேட்பார். மூன்று முறையும் ஆம் என்று நின்றவர்களைக் கொலைக்களத்திற்கு அனுப்புவார். மறுத்தவர்கள் பேரரசரின் உருவத்திற்குத் தூபமும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்தால் விடுதலை பெறலாம். இவ்வாறு செய்துவந்த அவருக்கே ஓர் ஐயம் பிறந்தது. அந்தப் பெயரைத் தாங்குவதே குற்றமா? அல்லது அப்பெயரோடு சேர்ந்த குற்றச் செயல்கள் ஏதேனும் இருந்தால்தான் தண்டிக்க வேண்டுமா? இதனைத் தெளிந்துகொள்ள அவர் பேரரசர் திராயனுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் குற்றச் செயல்கள் யாவை என்று அவர் ஆராய்ந்தும் பார்த்தார். அவர் அறிந்தது இது: அம்மக்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுவர், பின்னர் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொள்வர். அவ்வுறுதிமொழி அரசைக் கவிழ்க்கும் சதிக்காக அன்று. திருடுவதில்லை, கொள்ளையிடுவதில்லை, பிறர் மனை நயப்பதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, அடைக்கலமாக வைத்த பொருளைக் கேட்கும்போது இல்லையென்று மறுப்பதில்லை. இவ்வளவே அதன் பொருள். சபையில் பணிபுரிந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் ஆளுநர் கேட்டார். மிதமிஞ்சிய மூடநம்பிக்கை என்று தமக்குத் தோன்றிய ஒன்றைத் தவிர, வேறு குற்றம் எதனையும் அவரால் காண முடியவில்லை. அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரிடாத மொட்டைக் கடிதங்களை ஏற்கவும் வேண்டாம் என்று பேரரசர் விடை எழுதினார். ஆயினும் பிடிபட்டு, மறுதலியாமல் நிற்பவர்களைத் தண்டிக்கலாம் என்றார்.

இக்கடிதம் நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. தம்மைத் துன்புறுத்தியவர் எழுதிய ஏட்டிலேயே சபையாரின் கடமைப் பட்டியல் இடம்பெற்றுவிட்டது. அடைக்கலப் பொருளைத் திருப்பித் தருவது என்னும் கடமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பயணம் செல்பவர் தம் பணத்தையும் நகையையும் நம்பிக்கையுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வது அக்கால வழக்கம். பத்திரம் இல்லாமல், சாட்சி இல்லாமல் கொடுத்த பொருளை மறுத்துவிட்டால் கேட்பவர் யார்? சட்டம் எட்டாத இடத்திலும் நேர்மையாக நிற்பதே சமயத்தின் கடமை என்று அவ்வெளிய மக்கள் உணர்ந்திருந்தனர்.

கி. பி. 155-ஐ ஒட்டி, ரோமாபுரியில் வாழ்ந்த யுஸ்தீன் என்னும் அறிஞர் தம் சமயத்திற்காக வழக்காடிப் பேரரசர்க்கு ஒரு நூல் எழுதினார். ஞாயிறுதோறும் நடைபெற்ற வழிபாட்டை அதில் விவரிக்கிறார். மறைநூல் வாசிப்பு, தலைவரின் அறிவுரை, மன்றாட்டு, அப்பமும் திராட்சரசமும் பகிர்தல் ஆகியவற்றோடு அது முடிந்துவிடவில்லை. வர இயலாதவர்க்கு உதவிக்காரர்கள் அதனைக் கொண்டுசென்று கொடுப்பர். வசதியுள்ளோர் மனமுவந்து அளித்த பொருள், அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அயலூரிலிருந்து வந்தோர் ஆகியோர்க்குச் செலவிடப்படும். கி. பி. 251-ஐ ஒட்டி ரோமாபுரிச் சபை, விதவைகளும் வறியவருமாக 1,500-க்கு மேற்பட்டோரைத் தாங்கிவந்தது என்று அதன் கண்காணியாராகிய கொர்னேலியு ஒரு கடிதத்தில் எழுதினார். சட்டத்தின் பாதுகாப்பே இல்லாத ஒரு சபை அத்தனை பேர்க்குச் சோறிட்டது!

இவர்கள் அனைவரும் அஞ்சா நெஞ்சினர் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. கி. பி. 250-ஐ ஒட்டிப் பேரரசர் தெக்கியு, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று கட்டளையிட்டார். அச்சான்றிதழ்களுள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலில் இன்றும் கிடைத்துள்ளன. கிறிஸ்தவர் பலர் அஞ்சிப் பலியிட்டனர். சிலர் கையூட்டுக் கொடுத்துப் பலியிடாமலே சான்றிதழ் பெற்றனர். ஆபத்து நீங்கியதும் அவர்கள் சபைக்குத் திரும்ப விரும்பினர். அவர்களுக்கு மன்னிப்பே இல்லை என்றனர் ஒரு சாரார். ஒன்றும் நடவாதது போல உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றனர் மற்றொரு சாரார். கார்த்தேஜ் நகரத்துக் கண்காணியார் சிப்பிரியான் இரண்டையும் ஏற்கவில்லை. உண்மையாக மனம் வருந்தி, உரிய காலம் தவமிருந்தோர்க்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றார். சில காலத்தில் அந்நகரில் கொள்ளைநோய் பரவியபோது, தம்மவர்க்கு மட்டுமன்றி மற்றவர்க்கும் உதவுமாறு அவர் சபையாரை ஏவினார். தம்மைப் பகைத்தவர்க்கும் பணிசெய்யச் சொன்ன அவரே, கி. பி. 258-இல் தம் நம்பிக்கையின் பொருட்டு வெட்டுண்டு மடிந்தார்.

கி. பி. 313-இல் கொன்ஸ்தாந்தீனும் லிக்கீனியுவும் வழிபாட்டு உரிமை வழங்கினர். கி. பி. 380-இல் பேரரசர் தெயோதோசியு கிறிஸ்தவத்தை அரசின் சமயமாக்கினார். துன்பத்தில் தேறிய சபைக்கு இப்போது அதிகாரத்தில் தேற வேண்டிய சோதனை வந்தது. மிலான் நகரத்துக் கண்காணியார் அம்புரோசுவின் வாழ்க்கையில் இச்சோதனையின் இரு முடிவுகளையும் காண்கிறோம். கி. பி. 390-இல் தெசலோனிக்கே நகரில் படைத்தலைவர் ஒருவரை மக்கள் கொன்றதற்காக, பேரரசரின் ஆணையால் பெருங்கொலை நிகழ்ந்தது. அம்புரோசு அஞ்சாது கண்டித்தார், பேரரசர் மக்கள்முன் மனம் வருந்தினாலன்றித் திருவிருந்தில் பங்கு இல்லை என்றார், பேரரசரும் பணிந்தார். ஆனால், அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், கல்லினிக்கம் என்னும் ஊரில் கிறிஸ்தவர்கள் யூதர்களின் தொழுகைக்கூடத்தைக் கொளுத்தினர். அதனைக் கட்டிக் கொடுக்குமாறு பேரரசர் இட்ட நேர்மையான ஆணையைத் தடுத்து நிறுத்தியவரும் அதே அம்புரோசுதான். அரசன் செய்த அநீதியைக் கண்ட கண், தம்மவர் செய்த அநீதியைக் காணவில்லை. தமக்கு மறுக்கப்பட்டபோது கேட்ட உரிமையை, தம் கை ஓங்கியபோது பிறர்க்கு வழங்குவதே கடமைகளுள் கடினமானது. அதில் சபை பலமுறை தவறியிருக்கிறது என்பதைச் சரித்திரம் படிக்கும் நாம் மறைக்க வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே, மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை விரைந்து கண்டோம். பந்தியில் வேற்றுமை பாராட்டாமை, தூரத்து வறியவரை நினைத்தல், சாட்சியில்லாத இடத்தும் சொல் தவறாமை, வீழ்ந்தவன் எழுவதற்கு வழி விடுதல், பகைவனுக்கும் நோயில் உதவுதல், வலிமை வந்தபோது நீதி தவறாமை ஆகியவையே ஆதித் திருச்சபையார் கண்ட கடமைகள். இவற்றை அவர்கள் நிறைவேற்றிய நாள்களும் உண்டு. மறந்த நாள்களும் உண்டு. நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், எச்சமயத்தையும் சாராதவராயினும், இக்கடமைகள் உங்களுக்குப் புறம்பானவை அல்ல. விடுதியில் உண்ணும்போது பக்கத்தில் இருப்பவனுக்குப் போதிய உணவு கிடைத்ததா என்று பாருங்கள். நண்பன் நம்பிக் கொடுத்த பொருளைக் கேட்கும்முன் திருப்பிக் கொடுங்கள். உங்கள் கூட்டத்தார் பெருந்தொகையினராய் இருக்குமிடத்தில், சிறுதொகையினரின் குரலுக்குச் செவி சாயுங்கள். வீட்டுக் கூடத்தில் கூடிய அந்தப் பழைய சபையாரின் வரலாற்றை நீங்கள் கற்றதன் பயன் அதுவே ஆகும்.